28 நாள் பெண்ணைக் கண்டவர் உண்டா?

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும். மேலே இரண்டு கோடு, கீழே இரண்டு கோடு, அடியில் 1 தொடங்கி 28 வரை நாட்கள். 14க்குப் பக்கத்தில் எல்.எச். என்ற ஓமோனின் கோடு திடீரென்று எழும்பி அதே வேகத்தில் விழும். வெள்ளவத்தையில் ரியூசன் கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து முதலில் கரும்பலகையிலும் பிறகு வெண்பலகையிலும் நான் கீறிக் காட்டி வருகிற படம். பிள்ளைகளும் பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு கீறிவிட்டு வருவார்கள். ஆனால் அந்தப் படத்துக்குள் இருக்கிற 28 நாள் பெண்ணை நான் இன்னும் நேரில் காணவில்லை. வகுப்பு முடிந்து பெண்பிள்ளைகள் மட்டும் நிற்கும்போது கேட்டால் ஒருத்தி 26 என்பாள், இன்னொருத்தி 33 என்பாள், மூன்றாமவள் "போன மாசம் வரவே இல்லை ரீச்சர், சோதினைப் பயமாக்கும்" என்று சிரிப்பாள்.

அவள் பகிடியாகச் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹெவ்லொக் டவுனில் தொடர்மாடியில் குடியிருக்கிற உயிரியல் ரீச்சர் என்றால் அயலுக்கு அரை டொக்டர். லிஃப்டில் கேட்பார்கள், மயூரபதி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியில் வரும்போது கேட்பார்கள். நேரே கேட்க மாட்டார்கள். "எங்கட சொந்தத்தில ஒரு பிள்ளை..." என்றுதான் தொடங்கும். அந்தச் சொந்தக்காரப் பிள்ளை பெரும்பாலும் எனக்கு முன்னால் நிற்கிறவர்தான். நான் டொக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லுவேன். அதையே இங்கே எழுதி வைத்தால் லிஃப்டில் அவசரப்படத் தேவையில்லை. பதிவு கொஞ்சம் நீளம், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

இப்போது எழுத வைத்தது ஒரு இரத்தப் பரிசோதனை றிப்போட். எங்கள் கட்டடத்தில் இருக்கிற பெண், கலியாணமாகி இரண்டு வருஷம். மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிறார். நல்ல மனுசி. ஆனால் "மருமகள் முழுகாமல் இருக்கிறாவோ?" என்று ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு கோலுக்கும் பதில் சொல்லிக் களைத்துப் போனவர். ஒரு பின்னேரம் மருமகள் ஃபைலோடு வந்து என் சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

"அன்ரி, எனக்கு முட்டையே வரேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"21ஆம் நாள் பிளட் டெஸ்ட் எடுத்தது. புரொஜெஸ்திரோன் காணாதாம். லாப்பில நிண்டவர் சொன்னவர்."

"பிள்ளை, உங்களுக்கு எத்தினை நாளைக்கு ஒருக்கா வரும்?"

"35. சிலவேளை 36."

"அதை ஆரும் கேட்டவையோ?"

ஒருவரும் கேட்கவில்லை. சீட்டில் 21 என்று எழுதியிருந்தது, 21இல் இரத்தம் எடுத்தார்கள். 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு முட்டை வெளியேறுவதே கிட்டத்தட்ட 21ஆம் நாளில்தான். புரொஜெஸ்திரோன் ஏறுவது அதற்குப் பிறகு. அன்றைக்கு அது குறைவாக இல்லாவிட்டால்தான் அதிசயம். இந்தப் பிள்ளை அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று கிழமை அழுதிருக்கிறார்.

ஏன் இப்படி என்று புரிய வேண்டுமென்றால் கருப்பையை விட்டுவிட்டுத் தலைக்குப் போக வேண்டும்.

மூளையின் அடிப்பக்கத்தில் ஐப்போதலமசு என்று ஒரு சின்னப் பகுதி. அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஓமோன் சொட்டுச் சொட்டாக வருகிறது. அது ஒரு சாண் தூரம்கூடப் போவதில்லை; கீழே தொங்குகிற கபச்சுரப்பிக்கு மட்டும் போய், எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டையும் இரத்தத்தில் விட வைக்கிறது. அந்த இரண்டும்தான் சூலகத்துக்குப் போகின்றன. இந்த ஜி.என்.ஆர்.எச்.ஐப் பிரித்தெடுக்க அமெரிக்காவில் அன்ட்ரூ ஷாலியின் ஆட்கள் இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றி மூளைகளை அரைத்தார்கள், ரொஜர் கிய்மான் செம்மறியாட்டு மூளைகளை அரைத்தார். இரண்டு பேரும் பரம எதிரிகள். 1977இல் நோபல் பரிசில் பாதியை இருவருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். மற்றப் பாதி ரோசலின் யாலோவுக்கு. இரத்தத்தில் துளியிலும் துளியாக இருக்கிற ஓமோனை அளக்க வழி கண்டவர் அவர். இன்றைக்கு எந்த லாப்பிலும் புரொஜெஸ்திரோன் என்று எழுதிக் கொடுத்தவுடன் அளவு வருகிறதென்றால் அதற்கு அந்த அம்மாவின் வேலைதான் அடிப்படை.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் எல்லாவற்றையும்விடச் சுவையான ஆராய்ச்சி அடுத்த வருஷம் வந்தது. 1978இல் ஏர்ணஸ்ட் நொபில் என்பவரின் குழு, ஐப்போதலமசு வேலை செய்யாத பெண் குரங்குகளுக்கு வெளியிலிருந்து ஜி.என்.ஆர்.எச். கொடுத்துப் பார்த்தது. மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொடுத்தால் கபச்சுரப்பி ஒழுங்காக வேலை செய்தது. அதே மருந்தை இடைவிடாமல் ஏற்றிக்கொண்டிருந்தால் சுரப்பு நின்றுபோனது. வாசல் மணியை இடைக்கிடை அடித்தால் ஆள் வந்து கதவு திறப்பார், விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றால் உள்ளே வயரைக் கழற்றிவிடுவார், அதே கதைதான். ஓமோன் எவ்வளவு என்பதோடு எந்த இடைவெளியில் என்பதும் கணக்கு. மாதவிடாய்ச் சுற்றின் முதல் பாதியில் அந்தத் துடிப்பு ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒன்று. பிற்பாதியில் மூன்று, நாலு மணித்தியாலத்துக்கு ஒன்றாகக் குறையும்.

சோதினைக்குப் பயந்த பிள்ளைக்கு வருகிறேன். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, மனதில் பாரம் என்றால் இந்தத் துடிப்பு தளரும். உடம்பில் கொழுப்பு மிகவும் குறைந்தாலும் தளரும். கடுமையாகப் பயிற்சி செய்கிற ஓட்டக்காரிகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது இதனால்தான். சூலகத்தில் ஒரு பிழையும் இராது. மேலேயிருந்து வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். பட்டினி கிடக்கிற உடம்பில் பிள்ளை தங்க வேண்டாம் என்று மூளை முடிவெடுக்கிறது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, சூலகத்துக்கு வருவோம். மாதவிடாய் தொடங்கும் நாட்களில் எஃப்.எஸ்.எச். சற்று ஏறும். சூலகத்தில் முட்டைகளைச் சுமந்த சின்னச் சின்ன நீர்ப்பைகள், ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஃபொலிக்கிள் என்பார்கள், ஒரு கூட்டமாக வளரத் தொடங்கும். வளர வளர ஈஸ்திரஜன் சுரக்கும். ஈஸ்திரஜன் ஏறினால் மூளை எஃப்.எஸ்.எச்.ஐக் குறைக்கும். குறைந்ததைக் கொண்டு சமாளிக்கக்கூடிய ஒன்று மட்டும் மிஞ்சும், மற்றவை வாடிவிடும். மிஞ்சியது நாளுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் வளர்ந்து 20 மில்லிமீற்றரை எட்டிப் பிடிக்கும். ஸ்கேன் டொக்டர் ஒன்றுவிட்டொரு நாள் வரச்சொல்லி அளப்பது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. பரீட்சையிலும் கேட்பார்கள். இவ்வளவு நாளும் மூளையை அடக்கி வைத்திருந்த ஈஸ்திரஜன், ஒரு அளவுக்கு மேலே ஏறி ஏறத்தாழ இரண்டு நாள் இறங்காமல் நின்றால், அதே மூளையைத் தூண்டிவிடும். அடக்கியதே கிளப்பிவிடுகிறது. கபச்சுரப்பி சேர்த்து வைத்திருந்த எல்.எச். மொத்தமாகக் கொட்டும். அது தொடங்கி 34 முதல் 36 மணித்தியாலத்தில் ஃபொலிக்கிள் வெடித்து முட்டை வெளியேறும். அதாவது எப்போது வெளியேறுவது என்று தீர்மானிப்பது கலண்டர் இல்லை. வளர்ந்து வருகிற அந்த ஒரு ஃபொலிக்கிள்தான் தான் தயார் என்று ஈஸ்திரஜன் மூலம் மூளைக்கு அறிவிக்கிறது. ஒருத்திக்கு அது 11 நாளில் தயாராகும், இன்னொருத்திக்கு 22 நாள் எடுக்கும். இரண்டும் சுகமான உடம்புதான்.

முட்டை போன பிறகு வெற்றுக்கூடு வீணாவதில்லை. அது மஞ்சட்சடலமாக மாறிப் புரொஜெஸ்திரோன் சுரக்கும், கருப்பை உட்சுவரைப் பதப்படுத்தி வைக்கும். அதற்கு ஆயுள் ஏறக்குறைய 14 நாள். கரு பதிந்தால் அதிலிருந்து எச்.சி.ஜி. என்ற ஓமோன் வந்து ஆயுளை நீட்டும் (கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப்பில் கோடு விழுவது இதனால்). வராவிட்டால் மஞ்சட்சடலம் சுருங்கும், புரொஜெஸ்திரோன் விழும், மாதவிடாய் வரும். ஆக, சுற்றின் முதல் பாதி ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். பிற்பாதி பெரிதாக மாறாது. எனவே முன்னாலிருந்து 14 எண்ணுவதில் அர்த்தமில்லை, அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். புரொஜெஸ்திரோன் பார்க்கவேண்டிய நாள், வரப்போகிற மாதவிடாய்க்கு ஒரு கிழமை முந்தி. 28 நாள் சுற்றென்றால் 21. 35 நாள் சுற்றென்றால் 28. எங்கள் கட்டடத்துப் பிள்ளை டொக்டரிடம் சுற்றின் நீளத்தைச் சொன்னதும் அவரும் அதைத்தான் சொல்லி, அடுத்தமுறை நாளை மாற்றி எழுதினார். அளவு நன்றாகவே வந்தது. முட்டை வருகிறது. மிச்சக் காரணங்களை இனித்தான் பார்க்க வேண்டும்.

பின்னோக்கி எண்ண வேண்டும் என்பது உலகத்துக்கே பிந்தித்தான் தெரிந்தது. யப்பானில் ஒகினோ 1924இல் சொன்னார், ஒஸ்திரியாவில் க்னாவுஸ் 1928இல் சொன்னார். அதற்கு முந்தி, மாதவிடாய் நாட்களை ஒட்டித்தான் கரு தங்கும் என்று பெரிய பெரிய டொக்டர்மார் எழுதி வைத்திருந்தார்கள். அதை நம்பி நாள் பார்த்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஏரியாவின் பெயரோடு இதற்கு ஒரு தொடர்பு உண்டு. ஹெவ்லொக் என்பவர் 1890 முதல் 1895 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக். அவருடைய மனைவியின் பெயரில் கொழும்பில் லேடி ஹெவ்லொக் என்ற பெண்கள் ஆஸ்பத்திரி இருந்தது. 1890களின் கடைசியில் அங்கே வேலை செய்தவர் டொக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்தவர், அமெரிக்க மிஷன் மூலம் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் செய்ய வந்தவர். வரும் வழியில் ஒரு தமிழரைக் கலியாணம் செய்துவிட்டார் என்று மிஷன்காரர் ஏற்கவில்லை. அவர்களுக்கு நட்டம், கொழும்புக்கு இலாபம். அவர் லேடி ஹெவ்லொக்கில் பெண்களைப் பார்த்த காலத்தில் ஓமோன் என்ற பெயரே கிடையாது. அது 1905இல்தான் வந்தது. ஈஸ்திரஜனைப் பிரித்தெடுத்தது 1929இல், புரொஜெஸ்திரோனை 1934இல். தன் கையிலிருந்த புத்தகத்தில் இல்லாத விஷயங்களை எத்தனை பெண்கள் அவரிடம் கேட்டிருப்பார்கள்? 1937இல் கொழும்பில் குடும்பத் திட்டமிடலுக்கு ஒரு கிளினிக் தொடங்கினார், அதே வருஷம் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் ஆனார். 1958இல் மக்சேசே விருது கிடைத்தது. ஹெவ்லொக்குக்கு வீதி இருக்கிறது, பார்க் இருக்கிறது, ஊரே இருக்கிறது. ரட்ணம் அம்மாவை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாள் பார்க்கிற கதையை முடித்துவிடுகிறேன். வெளியேறிய முட்டை உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணித்தியாலம். ஆனால் ஆணின் உயிரணு பெண்ணுடம்பில் ஐந்து நாள்வரை இருக்கும். 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் எடுத்துப் பார்த்த வில்கொக்ஸ் குழு, முட்டை வெளியேறும் நாளையும் அதற்கு முந்திய ஐந்து நாட்களையும் தவிர வேறு நாட்களில் கரு தங்கவில்லை என்று கண்டது. ஆறு நாள். அந்தப் பெண்களையே வைத்து 2000இல் இன்னொன்றும் சொன்னார்கள்: அந்த ஆறு நாட்களும் 10க்கும் 17க்கும் இடையில் முழுவதுமாக அமைந்தது ஏறக்குறைய 30 வீதமானவர்களுக்குத்தான். படத்தில் இருக்கிற 28 நாள் பெண் எவ்வளவு அபூர்வம் என்று இதிலே தெரியும்.

ஆகவே 14ஆம் நாளுக்காகக் காத்திருந்தால் பஸ் போயிருக்கலாம். இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம் என்றுதான் டொக்டர்மாரும் சொல்வார்கள். காலி வீதிப் பார்மசிகளில் எல்.எச். பார்க்கிற ஸ்ட்ரிப் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் பி.சி.ஓ.எஸ். என்ற ஓமோன் கோளாறு (அதற்குப் பிறகு வருகிறேன்) உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதும் சற்று உயர்ந்து நிற்பதால் அது பொய்க்கோடும் காட்டும். ஒரு செலவும் இல்லாத அடையாளம் வெள்ளைப்படுதல். ஈஸ்திரஜன் உச்சத்துக்கு வருகிற நாட்களில் அது தெளிவாக, வழுவழுப்பாக, விரலிடையில் இழுத்தால் நூலாக நீளும். முட்டை வெளியேறிய பிறகு புரொஜெஸ்திரோன் அதைத் தடிப்பாக்கிவிடும். நோய் என்று பயந்து கிறீம் வாங்கிப் பூசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அரிப்போ மணமோ இல்லாவிட்டால் அது உடம்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. உடம்பின் சூடும் முட்டை போன பிறகு அரைப் பாகைக்குக் கிட்ட ஏறும். ஆனால் அது தெரியும்போது நாள் கடந்துவிடும்.

கணவர் கட்டாரில் வேலை, வருஷத்தில் ஒரு மாதம் லீவு என்று இருக்கிற வீடுகளில் இந்தக் கணக்கைப் பார்த்தால் அழுகை வரும். அந்த மாதத்தில் ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை வாய்ப்பு. அதுவும் லீவு நாளும் சுற்றும் பொருந்தினால். அப்படிப்பட்டவளிடம்போய் "மூண்டு வருஷம் ஆச்சே" என்று கேட்பவர்கள் கொஞ்சம் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

இன்னொரு இடத்திலும் எங்கள் ஆட்கள் அவசரப்படுவார்கள். பிள்ளை சாமத்தியப்பட்டவுடன் மண்டபம் எடுத்து, சேலை கட்டி, ஆலாத்தி எடுத்து ஊருக்கு அறிவிக்கிறோம். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுக்கிறோம். உளுத்தங்களிக்கு நான் எதிரி அல்ல, இப்போது தந்தாலும் சாப்பிடுவேன். ஆனால் அந்த வயதில் நான் சொன்ன அந்தத் திருப்பம், ஈஸ்திரஜன் மூளையைத் தூண்டிவிடுகிற அந்த வேலை, இன்னும் பழகியிராது. முதல் இரண்டு, மூன்று வருஷம் பல சுற்றுகளில் முட்டை வெளியேறாமலே இரத்தம் போகும். அதனால்தான் ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது, வந்தால் பத்து நாள் நிற்கும். 13 வயதுப் பிள்ளையை அதற்காக உடனே மருந்துக்கு இழுத்துக்கொண்டு ஓடத் தேவையில்லை. இரத்தம் அதிகம் போய்க் களைத்தால், அல்லது மூன்று வருஷம் தாண்டியும் ஒழுங்காகாவிட்டால் காட்டுங்கள்.

அப்படி ஒழுங்காகாதவர்களில் பலருக்கு இருப்பது பி.சி.ஓ.எஸ். கம்பஹா மாவட்டத்தில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 39 வயதுப் பெண்களில் 6.3 வீதத்தினருக்கு இது இருந்தது. பேராசிரியர் சந்திரிகா விஜேரத்னவும் அந்த ஆய்வில் ஒருவர். ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று எழுதிக் கொடுத்தவுடன் கட்டியை வெட்டி எடுக்க வேண்டுமா என்று தாய்மார் கலங்குகிறார்கள். வெட்ட ஒன்றுமில்லை. அவை வளரத் தொடங்கி இடைநடுவில் நின்றுபோன ஃபொலிக்கிள்கள். பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கிறது. கூடிய இன்சுலின் சூலகத்தில் ஆண் ஓமோனைக் கூட்டுகிறது. மூளையின் துடிப்பும் வேகமாகி எல்.எச். கூடி, எஃப்.எஸ்.எச். போதாமல் போகிறது. ஒரு ஃபொலிக்கிளும் முந்திக்கொண்டு வளர முடிவதில்லை. முகத்தில் மயிரும் பருவும் அதே ஆண் ஓமோனால்தான்.

உடம்பு பெருத்தவர்களுக்கு நிறையில் 5 வீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை திரும்ப வரத் தொடங்கும். 80 கிலோ என்றால் 4 கிலோ. இரவுச் சோற்றைக் குறைத்து மரைன் டிரைவில் நடக்கலாம், செலவில்லை. ஒல்லியானவர்களுக்கும் இது வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் "மெலிஞ்சால் சரியாகும்" என்று சொல்லிச் சாகடிக்காதீர்கள்.

மருந்து தேவைப்பட்டால் என்ன கொடுக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். பழைய மருந்து குளோமிஃபீன். அது ஈஸ்திரஜன் இருந்தும் இல்லாததுபோல மூளையை ஏமாற்றும், மூளை எஃப்.எஸ்.எச்.ஐக் கூட்டும். இப்போது பி.சி.ஓ.எஸ்.காரருக்கு முதலில் கொடுப்பது லெட்ரோசோல், அது ஈஸ்திரஜன் உண்டாவதையே கொஞ்ச நாள் குறைக்கும். அமெரிக்காவில் 750 பெண்களை வைத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டதில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 வீதத்தினரும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 வீதத்தினரும் பிள்ளை பெற்றார்கள். லெட்ரோசோலின் பெட்டிக்குள் இருக்கிற தாளில் மார்புப் புற்றுநோய் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். அந்த நோய்க்காக வந்த மருந்து இந்த வேலைக்கும் பயன்படுகிறது. ஃபொலிக்கிள் வளர்ந்ததும் போடுகிற ஊசி எச்.சி.ஜி. எல்.எச். செய்கிற வேலையை அது செய்யும், 36 மணித்தியாலக் கணக்கு அப்படியே. இவை ஒன்றும் அக்காவின் சீட்டைக் கொண்டுபோய்ப் பார்மசியில் வாங்கிப் போடுகிற மருந்துகள் அல்ல. ஸ்கேன் இல்லாமல் போட்டால் இரண்டு, மூன்று முட்டை வந்து கதை வேறாகிவிடும்.

பார்மசி என்றதும் இன்னொன்று. வயிற்றுப் பொருமலுக்கும் சத்திக்கும் டொம்பெரிடோன் வாங்கி வைத்து மாதக்கணக்கில் போடுகிறவர்கள் எங்கள் வீடுகளில் உண்டு. அது புரொலக்டின் என்ற ஓமோனை ஏற்றும். பால் கொடுக்கிற தாய்க்கு இயற்கையாக ஏறுகிற ஓமோன் அது, மூளையின் துடிப்பைத் தளர்த்தி முட்டையை நிறுத்தி வைக்கும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் கரு தங்காத வாய்ப்பு 98 வீதம் என்பதும் இதனால்தான். தைரொயிட் குறைந்தாலும் புரொலக்டின் ஏறலாம். டொக்டரிடம் போகும்போது நீங்கள் விழுங்குகிற எல்லா வில்லைகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள், காஸ்ட்ரிக் வில்லையையும் சேர்த்து.

கடைசியாகக் குடும்பத் திட்ட வில்லை. இலங்கையில் 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் தொடங்கியபோது சில்வியா பெர்னாண்டோவோடு முன்னின்றவர்களில் ஒருவர் டொக்டர் சிவா சின்னத்தம்பி, எங்கள் ஆள். 1960களில் இந்த வில்லையைப் பெண்களுக்குக் கொடுத்து இங்கே சோதித்துப் பார்த்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு. அந்தக் காலத்துச் சோதனைகளில் பெண்களுக்கு எவ்வளவு விளங்கப்படுத்தினார்கள் என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்கள் இன்று எழுப்புகிறார்கள், எழுப்பத்தான் வேண்டும். முதலில் வந்த வில்லையில் ஓமோன் அளவு இன்றையதைவிடப் பல மடங்கு. வில்லை கருப்பைக்குக் கேடு என்று மூத்தவர்கள் பயப்படுகிறார்கள். வில்லை கருப்பையைக் கெடுப்பதில்லை. முட்டை வெளியேறத் தேவையான எல்.எச். கொட்டாமல் மூளையை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் பழையபடி வரும். மூன்று மாத ஊசிதான் கொஞ்சம் தாமதிக்கும், ஒரு வருஷம்கூட எடுக்கலாம். அடுத்த பிள்ளைக்கு நாள் குறித்து வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

மூளையைத் திருத்தலாம், துடிப்பைத் திருத்தலாம். வயதை முடியாது. பெண்குழந்தை பிறக்கும்போதே சூலகத்தில் இருப்பது 10 முதல் 20 இலட்சம் முட்டைகள், பெரியபிள்ளை ஆகும்போது 3, 4 இலட்சம், அதில் வாழ்நாளில் வெளியேறுவது நானூறு, ஐந்நூறு. மிச்சமெல்லாம் வில்லை போட்டாலும் போடாவிட்டாலும் தன்பாட்டில் வாடும். 35க்குப் பிறகு எண்ணிக்கையோடு தரமும் வேகமாகக் குறையும்.

ஆகவே கணக்கு இதுதான். 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருஷம் முயன்று பாருங்கள், 35 தாண்டினால் ஆறு மாதம். சுற்று ஒழுங்கில்லாதவர்கள் காத்திருக்கவே வேண்டாம். போகும்போது கடைசி ஐந்தாறு மாதத் திகதிகளை எழுதிக்கொண்டு போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை இல்லாத குடும்பங்களில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கும். இரண்டு முதல் ஏழு நாள் சேராமல் இருந்து ஒருமுறை மாதிரி கொடுத்தால் அவருடைய பரிசோதனை முடிந்தது; ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை. என் மேசையில் விரித்த அந்த ஃபைலில் மனைவிக்குப் பதினாறு றிப்போட் இருந்தது, கணவருக்கு ஒன்றுகூட இல்லை. மாமிமாரே, அடுத்தமுறை கேள்வி கேட்கிறதென்றால் மகனிடம் கேளுங்கள், டெஸ்ட் எடுத்துவிட்டானா என்று.